குறி சொல்லும் எழுத்துகள்

ஒரே தொழுவம், இரண்டு கணக்கு

சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய், பேட்டையை ஒட்டி ஓடி நெல்லை டவுனுக்குள் நுழைகிறது. தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் அதில் கழுத்தளவு முங்கிக் கிடக்கும் எருமைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலோ கறுப்பு. நெல்லை வெயிலுக்குத் தண்ணீர்தான் அதற்குத் துணை. கரையேறித் தொழுவத்துக்குப் போய்க் கறந்த பிறகுதான் வித்தியாசம் வெளியே வருகிறது. ஒரே வீட்டில் ஒரே வைக்கோலும் ஒரே பருத்திக்கொட்டையும் ஒரே தவிடும் தின்கிற இரண்டு எருமைகளில் ஒன்று வேளைக்கு இரண்டு லிட்டர் கறக்கும், மற்றது நான்கு லிட்டர் கறக்கும். பால் சொசைட்டியில் ஊற்றினால் ஒன்றின் பாலில் கொழுப்பு ஆறு என்று மெஷின் காட்டும், இன்னொன்றுக்கு எட்டு என்று காட்டும். இந்த எண்கள் வெறும் எண்கள் இல்லை. 2022 நவம்பரில் ஆவின் அறிவித்த கொள்முதல் விலை பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாய், எருமைப் பாலுக்கு 44 ரூபாய். நடுவே இருக்கும் ஒன்பது ரூபாயில் பெரும்பகுதி கொழுப்பின் விலை.

அதனால் கிடேரி வாங்கப் போகிறவர் பல குறிகளைப் பார்க்கிறார். சுழி எங்கே விழுந்திருக்கிறது, தோல் மெல்லியதா, காம்புகள் நான்கும் விலகி நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தாய் எவ்வளவு கறந்தது என்று விற்பவரைக் கேட்கிறார். விற்பவர் உண்மையைச் சொல்வாரா என்பது வேறு விஷயம். இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை வைத்து, மூன்று நான்கு வருடம் கழித்து வரப்போகும் பாலைச் சொல்லும் முயற்சி இது. அதே வேலையைக் கன்றின் காதிலிருந்து எடுத்த ஒரு துணுக்குத் தோலை வைத்தோ வாலின் நாலு மயிரை வைத்தோ செய்துவிடலாம் என்று இப்போது சொல்கிறார்கள். ஓரளவுக்குச் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது ஆய்வகத்தின் கருவியைவிடப் பால் அளந்து எழுதிய நோட்டுதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

தீனியா, பிறப்பா

பிறப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பிறப்போடு சம்பந்தமில்லாத காரணங்களைக் கழித்துவிட வேண்டும். அவை நிறைய இருக்கின்றன. தலை ஈத்து எருமை மூன்றாம் ஈத்து எருமை அளவுக்குக் கறக்காது. கன்று ஈன்ற இரண்டாம் மாதத்தில் பால் உச்சத்தில் இருக்கும். எட்டாம் மாதத்தில் அளவு குறைந்து கொழுப்பு ஏறும். ஒரே கறவைக்குள்ளேயே முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, மடி வற்றப் போகும் நேரத்தில் வரும் கடைசிப் பாலில்தான் அது அதிகம். கன்றை முதலில் ஊட்டவிட்டு, சுரப்பு விட்டதும் கறந்து, மிச்சத்தைக் கன்றுக்கே விடுவது நம் ஊர் வழக்கம். மிச்சத்தைத் தாராளமாக விடுகிற வீட்டில் எருமையின் கொழுப்பு குறைவாகத் தெரியும். ஒட்டக் கறக்கிற வீட்டில் அதே எருமைக்குக் கூடுதலாகத் தெரியும். ஒரு நாள் சொசைட்டிச் சீட்டைப் பார்த்து இது நல்ல ரத்தம், அது மட்டமான ரத்தம் என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு தவறாக முடியும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சுகிறதா? மிஞ்சுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழியும் எளியதுதான். ஒரே கடாவின் உறைவிந்தில் பிறந்த மகள்கள் பல ஊர்களில், பல தொழுவங்களில், பல விதமான தீனி தின்று வளர்கின்றன. அவை அந்தந்தத் தொழுவத்துச் சராசரியைவிடத் தொடர்ந்து கூடுதலாகக் கறந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது தகப்பன் ஒன்றுதான். இப்படிக் கணக்கிட்டு, கால்நடைகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் பிறப்பால் வரும் பங்கைப் பிரித்தெடுக்கிறார்கள். இதை மரபுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். முர்ரா இன எருமைகளின் பால் அளவில் இந்த மரபுப் பங்கு ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், பொதுவாகக் கால்வாசியைச் சுற்றி வருகிறது. ஒரு லிட்டர் பாலில் கால் லிட்டர் மரபணுவால் வந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு மந்தையில் மாட்டுக்கு மாடு தெரியும் ஏற்றத்தாழ்வில் கால்வாசிதான் கன்றுக்குக் கைமாறக்கூடியது என்று பொருள்.

கணக்கில் போட்டால் இது தெளிவாகும். ஓர் ஈத்துக்குச் சராசரி 1,800 கிலோ கறக்கும் மந்தை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 2,200 கிலோ கறந்த எருமைகளை மட்டும் தாய்களாக வைத்துக்கொள்கிறோம். கடா எப்படிப்பட்டது என்று தெரியாததால் அதைச் சராசரி என்று கொள்கிறோம். தாய்கள் சராசரியைவிட 400 கிலோ மேல். பெற்றோர் இருவரில் ஒருவர் மட்டுமே மேல் என்பதால் அது 200 ஆகிறது. அதில் கால் பங்கு 50 கிலோ. அடுத்த தலைமுறை சராசரியாக 1,850 கிலோ கறக்கும். நானூறைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது ஐம்பது. ‘தாயைப் போல மகள்’ என்று நம்பிக் கிடேரி வாங்கியவர்கள் அடிக்கடி ஏமாறுவதற்கு விற்பவரின் பொய் மட்டும் காரணமில்லை.

மைல்கல்

எருமையின் ஒவ்வொரு உயிரணுவிலும் 25 ஜோடிக் குரோமோசோம்கள் இருக்கின்றன. பசுவுக்கு 30 ஜோடி. பசுவில் தனித்தனியாக இருக்கும் சில குரோமோசோம்கள் எருமையில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டுவிட்டன. அதனால்தான் எண்ணிக்கை குறைவு. எருமையின் ஒரு தொகுதிக் குரோமோசோம்களில் உள்ள டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்தால் சுமார் 265 கோடி எழுத்துகள் வரும். மெடிட்டரேனியன் இன எருமை ஒன்றின் எழுத்துகள் குரோமோசோம் வாரியாகக் கோக்கப்பட்டு 2019-இல் வெளியாயின. இந்தக் கோடிக்கணக்கான எழுத்துகளில் பெரும்பாலானவை எல்லா எருமைக்கும் ஒன்றே. அங்கங்கே சில இடங்களில் மட்டும் ஓர் எருமைக்கு ஓர் எழுத்தும் அடுத்த எருமைக்கு வேறு எழுத்தும் இருக்கும். அப்படி மாறுபடும் இடங்களைத்தான் மரபுக்குறி என்கிறோம்.

மரபுக்குறி பெரும்பாலும் பாலைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. தென்காசிச் சாலையில் நிற்கும் மைல்கல் எந்த ஊரையும் உண்டாக்கவில்லை. ஊர் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. மரபுக்குறியும் அப்படித்தான். இது சாத்தியமாவதற்குக் காரணம் குரோமோசோம் கைமாறும் விதம். தாயிடமிருந்து கன்றுக்கு எழுத்துகள் தனித்தனியாக வருவதில்லை. பெரிய பெரிய துண்டுகளாக வருகின்றன. பாலைப் பாதிக்கும் எழுத்து ஒன்றும், அதற்குப் பக்கத்தில் எந்த வேலையும் செய்யாமல் கிடக்கும் குறி ஒன்றும் ஒரே துண்டில் சேர்ந்தே பயணம் செய்யும். குறியைக் கண்டால் காரணமும் கூடவே வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அந்த ஊகத்துக்கு ஒரு காலாவதி உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் முட்டையும் விந்தும் உருவாகும்போது, ஜோடிக் குரோமோசோம்கள் இடையிடையே வெட்டிக்கொண்டு துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பல தலைமுறை கழிந்தால் குறி ஓரிடத்துக்கும் காரணம் வேறிடத்துக்கும் போய்விடலாம். இரண்டு இனங்கள் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்திருந்தால், ஓர் இனத்தில் கூடுதல் பாலோடு சேர்ந்திருக்கும் அதே குறி இன்னோர் இனத்தில் குறைந்த பாலோடு சேர்ந்திருக்கவும் கூடும். மைல்கல்லைப் பெயர்த்து வேறு சாலையில் நட்டுவிட்டு அதை நம்பிப் பயணம் போகக் கூடாது.

இப்படிப் பார்த்தால் சுழிக்கும் மரபுக்குறிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். இரண்டும் குறிதானே. கேள்வி நியாயமானது. ஒன்று தோலின் மேலும் மற்றது உயிரணுவுக்குள்ளும் இருப்பது பெரிய வேறுபாடு இல்லை. மரபுக்குறி பால் நோட்டோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது, சுழி சோதிக்கப்படவில்லை என்பதுதான் வேறுபாடு. நூறு மாடுகளின் சுழியையும் பாலையும் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்த்துச் சம்பந்தம் தெரிந்திருந்தால் சுழியும் நல்ல குறியே. நோட்டோடு ஒப்பிடாத மரபுக்குறி விலை கூடிய சுழியே.

232-ஆம் இடம்

ஒரு குறியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்போம். பால் மரபியலில் மிகப் பெயர்பெற்றது அது. பசுவின் 14-ஆம் குரோமோசோமின் ஓர் ஓரத்தில் பால் கொழுப்பைப் பெரிய அளவில் ஆட்டிவைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது 1990-களிலேயே தெரிந்திருந்தது. அது எந்த மரபணு என்பது மட்டும் தெரியவில்லை. துப்பு கிடைத்தது எலியிடமிருந்து. டிகாட்-1 என்ற மரபணுவை நீக்கிவிட்ட எலிகளுக்குக் குட்டி ஈன்ற பின்னும் பால் சுரக்கவில்லை என்று 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. கொழுப்பு மூலக்கூறு ஒன்றைக் கட்டி முடிக்கும் கடைசிப் படியைச் செய்யும் நொதிக்கான குறிப்பு அந்த மரபணுவில் இருக்கிறது. பசுவில் அதே மரபணு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், 14-ஆம் குரோமோசோமில் சந்தேகப்பட்ட அதே ஓரத்தில்! 2002-இல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் மிஷேல் ஜார்ஜின் குழுவும், ஜெர்மனியில் ரூடி ஃப்ரீஸின் குழுவும் ஒரே வருடத்தில் விடையை வெளியிட்டன.

விடை மிகச் சிறியது. டிகாட்-1 நொதி அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு மாலை. அதில் 232-ஆம் இடத்தில் சில பசுக்களுக்கு லைசின் இருக்கிறது, சில பசுக்களுக்கு அலனின். டி.என்.ஏ.வில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் மாறியதால் வந்த மாற்றம். லைசின் வகையைப் பெற்ற பசுவின் பாலில் கொழுப்பு விழுக்காடு ஏறுகிறது, பாலின் மொத்த அளவு குறைகிறது. அலனின் வகையில் பால் கூடுகிறது, கொழுப்பு நீர்க்கிறது. ஹோல்ஸ்டீன் இனப் பசுக்களில் இரண்டு வகைகளும் கலந்து கிடப்பதால், ஒரு பசுவுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள கொழுப்பு வித்தியாசத்தில் கணிசமான பங்கை இந்த ஒரே இடம் விளக்கிவிடுகிறது. மற்றபடி பெரும்பாலும் மைல்கற்களாகவே இருக்கும் குறிகளின் உலகத்தில், இது ஊரே ஆன குறி.

அளவு கூடினால் விழுக்காடு ஏன் குறைய வேண்டும்? பாலின் அளவை நிர்ணயிப்பது அதில் கரைந்திருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை. மடியின் உயிரணுக்கள் லாக்டோஸைச் சுரந்தால் அது தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கும். எவ்வளவு லாக்டோஸோ அவ்வளவு தண்ணீர், அவ்வளவு பால். கொழுப்பு தனி வழியில், சின்னச் சின்னத் துளிகளாக வெளியேறுகிறது. அளவு கூடும்போது கொழுப்பும் அதே வேகத்தில் கூடாவிட்டால் விழுக்காடு இறங்கும். ஆகவே எது நல்ல வகை என்ற கேள்விக்கு உயிரியலில் விடை இல்லை. ஏழு விழுக்காட்டில் 6 கிலோ கறக்கும் எருமை நாளொன்றுக்கு 420 கிராம் கொழுப்புத் தருகிறது. எட்டு விழுக்காட்டில் 5 கிலோ கறப்பது 400 கிராம் தருகிறது. சீட்டில் எட்டைப் பார்த்து மகிழ்கிறவர் இருபது கிராம் கொழுப்பையும் ஒரு கிலோ பாலையும் இழந்திருக்கிறார். வீட்டுக்கு வீடு லிட்டர் கணக்கில் பால் ஊற்றுகிறவருக்கு அளவு முக்கியம். நெய் உருக்குகிறவருக்குக் கொழுப்பு. நியூசிலாந்தில் கொழுப்புக்கும் புரதத்துக்கும் பணம் கொடுத்துவிட்டு, பாலின் கொள்ளளவுக்குக் கழித்துக்கொள்ளும் விலைமுறை இருந்தது. அங்கே லைசின் வகை லாபம். தண்ணீரோடு சேர்த்து லிட்டருக்குப் பணம் தரும் ஊரில் அதே லைசின் நஷ்டம்.

எருமையிடம் கேட்டபோது

எருமைப் பாலில் கொழுப்பு சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு. பசுவைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. 232-ஆம் இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட யாருக்கும் அடுத்த கேள்வி உடனே தோன்றும்: எருமைக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது? கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்திய மாட்டினங்களிலும் எருமை இனங்களிலும் அந்த இடத்தைப் படித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்த எருமைகள் அத்தனையிலும் லைசின். அலனின் ஒன்றுகூட இல்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று அவசர முடிவு: எருமைப் பால் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பத்திரிகைத் தலைப்புக்கு இது நன்றாக இருக்கும். ஆனால் அதே ஆய்வில் நம் திமில் மாடுகளைப் பார்த்தபோதும் ஏறக்குறைய எல்லாம் லைசின்தான். நாட்டு மாட்டுப் பாலில் கொழுப்பு நாலரையைச் சுற்றித்தானே நிற்கிறது? லைசின் இருந்தும் மாடு நாலரையில் நிற்க, எருமை மட்டும் ஏழுக்குப் போவதற்கு வேறு காரணங்கள் இருந்தாக வேண்டும். 232-ஆம் இடம் எருமைப் பாலின் கெட்டித்தன்மைக்கு உதவியிருக்கலாம். முழுக் காரணமாக இருக்க வழியில்லை.

இரண்டாவது முடிவுதான் நம் தொழுவத்துக் கேள்விக்கு நேராக வருகிறது. ஆறு காட்டும் எருமைக்கும் லைசின், எட்டு காட்டும் எருமைக்கும் லைசின். எல்லோரிடமும் இருக்கும் ஒன்று யாரையும் பிரித்துக் காட்டாது. உலகத்தின் மிகப் பெயர்பெற்ற பால் குறி, பேட்டை எருமைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எருமைக்கு டிகாட்-1 சோதனை செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், இந்த இடத்தைப் பொறுத்தவரை சோதனைக்கு முன்னாலேயே முடிவைச் சொல்லிவிடலாம்.

ஏ-2 பால் விவகாரமும் இதே கதைதான். பீட்டா கேசீன் என்ற பால் புரதத்தில் 67-ஆம் இடத்தில் புரோலின் இருந்தால் ஏ-2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ-1. அந்தப் பெயரை வைத்துப் பாலுக்குக் கூடுதல் விலை கேட்கும் வியாபாரம் வளர்ந்து, 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த வாசகத்தை உறைகளிலிருந்து நீக்கச் சொல்லி, சில நாளில் தன் உத்தரவையே திரும்பப் பெற்றது. எருமையோ பொதுவாக ஏ-2தான். அதற்காக யாரும் எருமைப் பாலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை.

ஆயிரம் சிறு காரணங்கள்

பெரிய மரபணு ஒன்று கைகொடுக்காதபோது மிஞ்சுவது சிறியவை. பால் அளவும் கொழுப்பும் நூற்றுக்கணக்கான, ஒருவேளை ஆயிரக்கணக்கான இடங்களின் கூட்டு விளைவு. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. 2001-இல் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூவர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். எந்த இடம் காரணம் என்று தேடிக் களைக்காமல், குரோமோசோம் முழுக்கச் சீராகப் பரவிய ஆயிரக்கணக்கான குறிகளை ஒரே சமயத்தில் படிப்போம். பால் நோட்டு உள்ள மாடுகளில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு சிறு மதிப்பெண் கணக்கிடுவோம். புதிதாகப் பிறந்த கன்றின் குறிகளுக்கு அந்த மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்போம். கூட்டுத்தொகைதான் கன்றின் எதிர்காலப் பாலுக்கான ஊகம். அமெரிக்கா 2009-இல் ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எருமைக்கும் இதற்கான சில்லு வந்தது. மெடிட்டரேனியன், முர்ரா, ஜாஃபராபாதி, நீலி-ராவி ஆகிய நான்கு இனங்களில் கண்ட வேறுபாடுகளைக் கொண்டு சுமார் 90,000 குறிகளை ஒரே தடவையில் படிக்கும் சில்லு அது. இந்தியாவும் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. 2024 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் வாசிமில் பிரதமர் மாட்டுக்கான ‘கௌ சிப்’பையும் எருமைக்கான ‘மகிஷ் சிப்’பையும் வெளியிட்டார்.

சில்லு வந்துவிட்டால் வேலை முடிந்ததா? இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தொண்ணூறாயிரம் குறிகளை ஒவ்வொன்றாகப் பாலோடு ஒப்பிட்டு, ‘தற்செயலாக இப்படி அமைய இருபதில் ஒரு வாய்ப்புத்தான்’ என்பதை அளவுகோலாக வைத்தால், பாலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குறிகளிலேயே 4,500 தேறிவிடும். எருமைகளில் நடந்த பல ஆய்வுகள் சில நூறு கால்நடைகளை மட்டும் கொண்டவை. அவ்வளவு சிறிய கூட்டத்தில் உண்மையான குறியும் தற்செயலும் ஒரே உயரத்தில் நிற்கும். உண்மையானதாகவே இருந்தாலும் அதன் பலம் மிகைப்பட்டுத் தெரியும். அதனால்தான் ஒரு நாட்டில் கண்டுபிடித்த எருமைக் குறி அடுத்த நாட்டில் பல சமயம் காணாமல் போகிறது. இதற்கு மருந்து ஒன்றுதான்: இன்னும் நிறைய எருமைகள், ஒவ்வொன்றுக்கும் நம்பகமான பால் கணக்கு. சில்லின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கும். ஒரு கிராமத்தில் மாதம் ஒருமுறை காலையும் மாலையும் போய் ஒவ்வொரு மடியின் பாலையும் அளந்து மாதிரி எடுத்துவரும் ஆளின் சம்பளம் இறங்காது.

கறக்காத கடா

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். பால் கணக்கு இவ்வளவு முக்கியமென்றால், கணக்கை மட்டும் வைத்துக்கொண்டே தேர்ந்தெடுக்கலாமே, மரபுக்குறி எதற்கு? எருமைக்கு மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு பாதி சரி. கடாவுக்கு வரும்போது உடைந்துவிடுகிறது. கடா கறக்காது. ஆனால் ஓர் எருமை வாழ்நாளில் ஈனும் கன்றுகள் கொஞ்சம்தான். ஒரு கடாவின் உறைவிந்தோ ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குப் போகிறது. மந்தையின் எதிர்காலம் கறக்காத பாதியின் கையில் இருக்கிறது.

கடாவின் பால் தகுதியை அறியப் பழைய வழி மகள்களைக் கறந்து பார்ப்பது. காலக்கணக்கைப் பாருங்கள். கடா விந்து கொடுக்கத் தயாராக ஏறக்குறைய மூன்று வருடம். எருமையின் சினைக்காலம் சுமார் 310 நாள். பிறந்த மகள் வளர்ந்து, சினையாகி, தலை ஈத்து ஈன மூன்றரை நாலு வருடம். அந்த ஈத்து முடியப் பத்து மாதம். தகப்பன் நல்லவன் என்று தெரியவரும்போது அவனுக்கு எட்டு வயது தாண்டியிருக்கும். சில கடாக்கள் அதற்குள் செத்தே போயிருக்கும். மரபுக்குறிகளின் கூட்டுத்தொகை சரியாக வேலை செய்தால், கடாக்கன்று பிறந்த வாரத்திலேயே ஓர் ஊகம் கையில் கிடைக்கிறது. மகள்களைக் கறந்து பார்ப்பதைவிடத் துல்லியம் குறைந்த ஊகம்தான், ஆனால் எட்டு வருடம் முந்திய ஊகம். மரபுக்குறியின் உண்மையான பயன் இந்த வேகத்தில் இருக்கிறது. அந்த ஊகத்துக்கு அடித்தளம் எங்கோ யாரோ ஏற்கெனவே கறந்து எழுதிவைத்த எருமைகள் என்பதால், குறியும் நோட்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது.

ஹரியானாவின் நோட்டு, பேட்டையின் எருமை

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஹிசாரில் மத்திய எருமை ஆராய்ச்சி நிறுவனம் 1985-இலிருந்து இருக்கிறது. முர்ராவுக்கான நோட்டு அங்கே எழுதப்படுகிறது. தமிழ்நாட்டிலும் எருமைகளுக்குப் பெரும்பாலும் முர்ரா சினை ஊசிதான் போடப்படுகிறது. அவர்கள் கணக்கையே நாமும் எடுத்துக்கொண்டால் என்ன? எடுத்துக்கொள்ளலாம், தொடக்கத்துக்கு. ஆனால் பேட்டைத் தொழுவத்தில் நிற்பது தூய முர்ரா இல்லை. எத்தனையோ தலைமுறையாக நாட்டு எருமையோடு கலந்த முர்ரா. குறியும் காரணமும் சேர்ந்து பயணம் செய்யும் துண்டுகள் இந்தக் கலப்பில் எப்படி வெட்டுப்பட்டிருக்கின்றன என்பதை ஹரியானாவின் நோட்டு அறியாது. தவிர, பசும்புல் நிறையத் தின்னும் தொழுவத்தில் முதலிடம் பிடித்த கடாவின் மகள், வைக்கோலும் வெயிலும் மிகுந்த தொழுவத்திலும் முதலிடம் பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. கால்நடை மரபியலில் இது பலமுறை கண்ட உண்மை: சூழல் மாறினால் வரிசை மாறும். நீலகிரியின் தோடா எருமையும் ஈரோட்டு மலையின் பர்கூர் எருமையும் தத்தம் மலைக்குப் பழகியவை. முர்ராவின் மதிப்பெண்ணை அவற்றின் மேல் போடுவது இன்னும் பெரிய தவறாகும்.

எருமையே குறைந்துவரும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குறைந்துதான் வருகிறது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 2007-இல் 20 லட்சம் எருமைகள், 2012-இல் 7.80 லட்சம், 2019-இல் 5.19 லட்சம். இதே 2019 கணக்கில் மாடுகள் 95 லட்சம். வைத்துக் கட்டுப்படியாகாததால் விற்றுவிடுகிறார்கள் என்பது இதற்கு ஒரு பெரிய காரணமென்றால், கட்டுப்படியாகும் எருமையை முன்கூட்டியே அடையாளம் காண்பது குறைவதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று. கூட்டம் சிறுத்துக்கொண்டே போனால், ஒப்பிடுவதற்குப் போதுமான எருமைகள் இல்லாமல் நோட்டு எழுதுவதே பயனற்றதாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நோட்டு முழுக்கப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பால் சொசைட்டிகளில் உறுப்பினர் ஒவ்வொருவரின் பாலும் காலையும் மாலையும் அளக்கப்படுகிறது. கொழுப்பும் இதரச் சத்தும் எழுதப்படுகின்றன. கோளாறு என்னவென்றால் அந்தக் கணக்கு ஆள்வாரியாக இருக்கிறது, எருமைவாரியாக இல்லை. மூன்று எருமைப் பால் ஒரே கேனில் கலந்து வருகிறது. ஆனால் ஒரே ஒரு கறவை எருமை வைத்திருக்கும் வீடுகளில் சொசைட்டிப் பதிவேடே அந்த எருமையின் ஈத்துக் கணக்காகிவிடுகிறது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டது எவ்வளவு, கன்றுக்கு விட்டது எவ்வளவு என்பது விடுபடும் என்பது உண்மை. மாதம் ஒருநாள் ஒட்டக் கறந்து அளந்தால் விடுபட்டதைச் சரிசெய்துகொள்ளலாம். எருமையின் காதில் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட வில்லை ஏற்கெனவே தொங்குகிறது. சினை ஊசி போடுகிறவரின் பதிவேட்டில் எந்தக் கடா, எந்தத் தேதி என்பது இருக்கிறது. இரண்டு பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. காது வில்லை எண்ணை இரண்டிலும் எழுதினால் பார்த்துக்கொள்ளும். பேட்டைக்கு அருகிலேயே ராமையன்பட்டியில் 2012-இலிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கணக்குப் போட ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

எவ்வளவு மகள்கள் இருந்தால் போதும்? மரபுப் பங்கு கால்வாசி என்று கொண்டால், வெவ்வேறு தொழுவங்களில் பரவிய 15 மகள்களின் கணக்கு ஒரு கடாவைப் பற்றிப் பாதி நம்பகம் தரும். 45 மகள்கள் முக்கால் நம்பகம் தரும். அதற்குமேல் மகள்களைச் சேர்த்தாலும் நம்பகம் மெதுவாகத்தான் ஏறும். பேட்டை, சுத்தமல்லி, கொண்டாநகரம், நரசிங்கநல்லூர் என்று ஒரு வட்டம் போட்டு, ஒரே கடாவுக்குப் பிறந்து ஒற்றையாய் வளரும் 45 எருமைகளைத் தேடிப் பிடிக்க முடிந்தால், தாமிரபரணித் தண்ணீரிலும் நெல்லை வெயிலிலும் அந்தக் கடாவின் மகள்கள் எப்படிக் கறக்கின்றன என்பதற்கு முதல் உள்ளூர்க் கணக்கு கிடைக்கும். அந்த நாற்பத்தைந்தின் காதுத் துணுக்குகளை மகிஷ் சிப்பில் படிக்க அனுப்புவதில் அதற்குப் பிறகுதான் அர்த்தம் இருக்கும்.